ஆன்சன் தொகுதியும் 653 வாக்குகளும்

பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வேலை முடித்து, குளித்துவிட்டு, வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, ஐயாமார்களே! இன்று தேர்தல் கணக்கு ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறோம். கணக்கு என்றதும் வானொலியை அணைத்துவிட வேண்டாம். கூட்டலும் கழித்தலும் இரண்டால் வகுத்தலும் தெரிந்தால் போதும். வீட்டில் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் கையில் ஒரு பென்சிலும் தாளும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

எங்கள் தோட்டப் பள்ளியிலிருந்து ஒரு பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் பெற்றோர்களையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போனோம். பாலத்தைக் கடந்து நேராகத் தேக்காவில் இறங்கினோம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலில் அருச்சனை செய்தோம். தேக்கா அங்காடியில் காலைப் பசியாறினோம். பூச்சரம், வெற்றிலை, பாத்திரக் கடை, நகைக்கடை என்று தாய்மார்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்றதில் அரைநாள் கழிந்தது. பிறகு துறைமுகத்தைப் பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்பட்டதால் பேருந்து தஞ்சோங் பகார் பக்கம் திரும்பியது. ஓரிடத்தில் 'ஆன்சன் சாலை' என்று பெயர்ப்பலகை தெரிந்தது. எங்களோடு வந்திருந்த தாத்தா ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர், சட்டென்று சன்னல் பக்கம் எழுந்து நின்றார்.

"வாத்தியாரய்யா, ஜெயரத்தினம் ஜெயிச்ச ஊரு இதானே?" என்றார்.

ஆம், அதே ஊர்தான். ஆனால் ஆன்சன் என்ற தொகுதி இப்போது இல்லை. சாலைக்கு மட்டும் அந்தப் பெயர் இருக்கிறது. பேருந்தில் இருந்த இளைஞர்களில் பலருக்கு ஜெயரத்தினம் யார் என்றே தெரியவில்லை. தாத்தாவுக்கோ அவர் எத்தனை முறை தோற்றார் என்பது வரை நினைவிருந்தது. அன்று பேருந்தில் தொடங்கிய பேச்சைத்தான் இன்று உங்களோடு தொடரப் போகிறோம்.

ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் 1926ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தந்தையார் மலாயாவில் பொதுப்பணித் துறையில் இருந்ததால் வளர்ந்தது மூவாரிலும் ஜொகூர் பாருவிலும். அந்த வகையில் அவர் நம் பக்கத்துப் பிள்ளை. இலண்டனில் சட்டம் படித்து, சிங்கப்பூரில் நீதித்துறைப் பதவிகளை வகித்தார். 1963இல் அரசாங்கப் பதவியை விட்டுவிட்டு வழக்கறிஞரானார். கன்னத்தில் அகலமான கிருதா, கனத்த குரல். பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

1971இல் அவர் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளரானார். அந்தக் கட்சி அப்போது பெயரளவில்தான் உயிரோடு இருந்தது. 1968 பொதுத்தேர்தல் முதற்கொண்டு சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் எல்லா இடங்களையும் மக்கள் செயல் கட்சியே பிடித்து வந்த காலம் அது.

இனிப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.

1972 செப்டம்பரில் அவர் முதன்முதலாகப் போட்டியிட்ட தொகுதி பேரர் பார்க். காலையில் நாங்கள் பசியாறிய தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடம். அங்கே தோல்வி, அதுவும் நெருக்கமான தோல்வியன்று. 1976 டிசம்பரில் கம்போங் சாய் சீ தொகுதி. நூற்றுக்கு நாற்பது பேர் வாக்களித்தார்கள், ஆனாலும் தோல்வி. அந்தத் தேர்தல் மேடையில் பேசிய பேச்சுக்காகப் பிரதமர் லீ குவான் இயூ அவர்மீது மானநட்ட வழக்குத் தொடுத்தார். அதிலும் தோற்றுப் பெருந்தொகை கட்ட நேர்ந்தது. 1977 மே மாதம் ராடின் மாஸ் இடைத்தேர்தல். ஏறியிருந்த நாற்பது இறங்கி, நூற்றுக்கு முப்பதுக்கும் சற்றுக் குறைந்தது. வேறொருவராக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார். இவர் 1979 பிப்ரவரியில் தெலுக் பிளாங்கா இடைத்தேர்தலில் நின்றார். நூற்றுக்கு 39 அளவில் கிடைத்தது, தோல்வி. 1980 டிசம்பர் பொதுத்தேர்தலில் அதே தெலுக் பிளாங்காவில் மறுபடியும் நின்றார். இம்முறை 47 அளவில் கிடைத்தது. மறுபடியும் தோல்வி.

எட்டு ஆண்டுகளில் ஐந்து தோல்வி. "அஞ்சு தடவ தோத்த ஆளுக்கு எவன் ஓட்டுப் போடுவான்னு அப்ப எல்லாரும் சிரிச்சாங்க" என்றார் தாத்தா. ஆனால் தெலுக் பிளாங்காவின் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 39, அடுத்து 47. ஒரே தொகுதி, ஒரே வேட்பாளர், இரண்டு ஆண்டு கூட ஆகவில்லை. 1979இல் அவருக்கு வாக்களித்தவர்களிடம் யாராவது, "தோற்கிறவருக்குப் போட்டு வாக்கை வீணாக்கினீர்களே" என்று கேட்டிருக்கலாம். அந்த வாக்குகள் வீணாகவில்லை. அடுத்த முறை வாக்களிக்க வந்தவர்களுக்கு, 'தனியாக நிற்கவில்லை, நம்மைப் போல நூற்றுக்கு 39 பேர் இருக்கிறார்கள்' என்று சொன்னவை அவைதாம். வென்றவரை மட்டும் பார்த்துவிட்டுச் செய்தித்தாளை மடித்து வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. தோற்றவரின் எண்ணையும் ஒரு பார்வை பார்த்து வைப்பது நல்லது.

இனி ஆன்சனுக்கு வருவோம். அதற்கு முன் இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்து மக்களாகிய நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர் அவர்.

தேவன் நாயர் மலாக்காவில் ஒரு இரப்பர்த் தோட்டத்துக் கிராணியின் மகனாகப் பிறந்தவர். சிங்கப்பூரில் தொழிற்சங்கம் கட்டியவர். சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்திருந்த காலத்தில், 1964 ஏப்ரலில் நடந்த மலேசியப் பொதுத்தேர்தலில், மக்கள் செயல் கட்சி சார்பில் கோலாலம்பூரின் பங்சார் தொகுதியில் நின்றார். அந்தத் தேர்தலில் தீபகற்பத்தில் போட்டியிட்ட அக்கட்சி வேட்பாளர்களில் வென்றவர் அவர் ஒருவரே. வாக்குக் கணக்கைப் பாருங்கள். தேவன் நாயருக்கு 13,494. சோசலிச முன்னணியின் வி. டேவிட்டுக்கு 12,686. கழித்தால் 808. இந்த டேவிட்டும் தொழிற்சங்கவாதிதான். அதற்கு முந்திய 1959 தேர்தலில் அத்தொகுதியை வென்றிருந்தவரும் அவரே. கூட்டணிக் கட்சி வேட்பாளரும் கணிசமான வாக்குகளைப் பிரித்துக்கொண்டார். ஆகையால் நூற்றுக்கு நாற்பது கூடக் கிடைக்காத நிலையிலேயே தேவன் நாயர் கூட்டரசு நாடாளுமன்றத்துக்குப் போனார்.

நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் தேர்தல் முறை இதுதான். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும். முதலாவதாக வந்தவரின் வாக்கிலிருந்து இரண்டாவதாக வந்தவரின் வாக்கைக் கழித்தால் வருவதைத்தான் 'பெரும்பான்மை' என்று செய்தியில் படிக்கிறார்கள். மூவர் நால்வர் நிற்கிற இடத்தில் அந்த எண் சிறுத்துப் போவது இயல்பு.

1965இல் சிங்கப்பூர் பிரிந்தபின் தேவன் நாயர் சில ஆண்டுகள் மலேசியாவில் இருந்து ஜனநாயகச் செயல் கட்சியை உருவாக்கினார். 1969இல் சிங்கப்பூருக்குத் திரும்பினார். 1979இல் ஆன்சன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1980 பொதுத்தேர்தலில் அதே ஆன்சனில் அவருக்கு நூற்றுக்கு 84 அளவில் வாக்குகள் கிடைத்தன. பங்சாரில் 808 வாக்கில் தப்பிப் பிழைத்தவருக்கு ஆன்சனில் அப்படியொரு மலை போன்ற பெரும்பான்மை! சிங்கப்பூரில் அன்று 75 இடங்கள், எழுபத்தைந்தும் ஆளுங்கட்சிக்கே. அவற்றில் 37 இடங்களில் போட்டியே இல்லை.

1981இல் அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸ் காலமானார். தேவன் நாயர் அதிபராவதற்காகத் தொகுதியை விட்டு விலகினார். தோட்டத்துக் கிராணி மகன் ஒரு நாட்டின் அதிபரானார். ஆன்சனில் இடைத்தேர்தல் வந்தது. ஆளுங்கட்சி பாங் கிம் ஹின் என்ற வணிகரை நிறுத்தியது. ஐக்கிய மக்கள் முன்னணி சார்பில் ஹர்பன்ஸ் சிங் நின்றார். பாட்டாளிக் கட்சி சார்பில் ஜெயரத்தினம், ஆறாம் முறையாக.

நூற்றுக்கு 84 வாங்கிய தொகுதி. அதை இழப்போம் என்று ஆளுங்கட்சியில் யார்தான் நினைத்திருப்பார்கள்?

1981 அக்டோபர் 31ஆம் நாள் வாக்களிப்பு. முடிவு இதோ. ஜெயரத்தினம் 7,012. பாங் கிம் ஹின் 6,359. ஹர்பன்ஸ் சிங் 131. கழித்துப் பாருங்கள். 653.

சிங்கப்பூர் தனிநாடான பிறகு எதிர்க்கட்சி வேட்பாளர் ஒருவர் தேர்தலில் வென்றது அதுவே முதல் முறை.

பத்து மாதத்தில் 84 எப்படி 47 ஆயிற்று? காரணங்கள் பல சொல்லப்பட்டன. நம் நெஞ்சைத் தொடுகிற ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறோம். துறைமுகத்தை ஒட்டி பிளேர் பிளெயின் என்ற இடத்தில் துறைமுக ஊழியர்களுக்கான அடுக்குமாடி வீடுகள் இருந்தன. கொள்கலன்களுக்கு இடம் தேவை என்பதால் அந்த வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். வீடு போகிறது, அடுத்த வீடு எங்கே என்று உறுதியாகச் சொல்வாரில்லை என்ற மனக்குறை அங்கே பரவியிருந்தது. கூலியோடு சேர்த்து வீடும் முதலாளியுடையதாக இருக்கிற இடத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை. மரத்தை வெட்டி நிலத்தை விற்கிறார்கள் என்ற பேச்சு பிரட்டுக்களத்தில் கிளம்பிய அன்று, நம் லயங்களில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது, எத்தனை வீட்டில் சும்மா கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது இடைத்தேர்தல். ஜெயரத்தினம் வென்றாலும் மற்ற 74 இடங்கள் ஆளுங்கட்சியிடம் இருக்கும், ஆட்சி அசையாது. அப்படிப்பட்ட வேளையில் மக்கள் சற்றுத் துணிந்து தங்கள் மனக்குறையை வாக்குச்சீட்டில் எழுதிவிடுவார்கள். புதிய வேட்பாளர் ஆன்சன் மக்களுக்கு அறிமுகமில்லாதவர் என்பதும் சேர்ந்துகொண்டது. தேவன் நாயருக்குக் கிடைத்த 84 என்பது கட்சியின் கைமுதல் என்று எண்ணியிருந்தார்கள். அதில் ஒரு பங்கு அந்த மனிதருக்கு மக்கள் கொடுத்த கைமாற்று. அவர் போனதும் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

தமிழர் ஒருவர் வென்றார் என்று மட்டும் மகிழ்ந்து பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. எங்களுக்கு அது முழுக் கணக்காகத் தோன்றவில்லை. சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்கிற நகரம் அது. அங்கே முதலில் ஒரு மலையாளியையும் பிறகு ஒரு தமிழரையும் அனுப்பிய மக்கள், தோலின் நிறத்தை அல்ல, தங்கள் வீட்டுக் கூரையைத்தான் பார்த்தார்கள்.

சரி, பிள்ளைகளே, 653ஐ இரண்டால் வகுத்துச் சொல்லுங்கள். 326½ வருகிறது. ஜெயரத்தினத்துக்குப் போட்டவர்களில் 327 பேர் மனம் மாறிப் பாங் கிம் ஹின்னுக்குப் போட்டிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். ஒரு வாக்கு இந்தப் பக்கம் குறைந்து அந்தப் பக்கம் கூடும்போது வித்தியாசம் இரண்டு குறைகிறது, அதனால்தான் இரண்டால் வகுக்கிறோம். 327 பேர்! நான்கைந்து பேருந்துகளில் நெருக்கி ஏற்றிவிடலாம். மாரியம்மன் திருவிழாவில் ஒரு நடுத்தரத் தோட்டத்தில் அன்னதானப் பந்தி இரண்டு தடவை உட்கார்ந்தால் முடிந்துவிடும். அந்த 327 பேரில்தான் சிங்கப்பூர் நாடாளுமன்ற வரலாறு நின்றது.

ஹர்பன்ஸ் சிங்கின் 131 வாக்குகளையும் தள்ளிவிடக் கூடாது. அவ்வளவும் ஆளுங்கட்சிக்குப் போயிருந்தாலும் இன்னும் 522 குறைவுதான். ஆகவே அவர் நின்றதால் முடிவு மாறியது என்று சொல்ல முடியாது. செல்லுபடியான வாக்குகள் மொத்தம் 13,502. அதில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காதவர் வைப்புத்தொகையை இழப்பார் என்பது சட்டம். எட்டில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 1,688. அவருக்கு வைப்புத்தொகை போயிற்று.

இந்த ஆன்சனுக்கு வேறொரு பழங்கதையும் உண்டு. 1961 சூலை 15ஆம் நாள் இதே தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல், இதே பாட்டாளிக் கட்சியின் பெயரில் நின்று, மக்கள் செயல் கட்சியின் மஹ்மூத் அவாங்கை 546 வாக்குகளில் வென்றார். அது ஆளுங்கட்சிக்குள் இருந்த பிளவை வெட்டவெளிச்சமாக்கியது. சில நாள்களில் நம்பிக்கைத் தீர்மானம் வந்து, பதின்மூன்று உறுப்பினர்கள் தம் கட்சி அரசுக்கு ஆதரவாக வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றார்கள். கட்சி இரண்டாக உடைந்தது. 1963 தேர்தலில் மார்ஷல் அதே ஆன்சனில் சுயேச்சையாக நின்று தோற்றார். இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை ஒரு சின்னத் தொகுதி ஒரு பெரிய கட்சியைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அதற்கு ஆன வித்தியாசம் ஒரு முறை 546, ஒரு முறை 653.

ஜெயரத்தினம் நாடாளுமன்றத்தில் மூன்று ஆண்டுகள் ஒற்றை எதிர்க்கட்சி உறுப்பினராக அமர்ந்திருந்தார். அவர் சொன்னதெல்லாம் சரியென்று நாங்கள் வாதாட வரவில்லை. ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்டாலும் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதைக் குறிப்பிடவே சொல்கிறோம்.

இடைத்தேர்தல் வெற்றி ஒரு தற்செயல், பொதுத்தேர்தலில் நிற்காது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1984 டிசம்பர் 22 பொதுத்தேர்தலில் இருமுனைப் போட்டி. ஜெயரத்தினம் 9,909. ஆளுங்கட்சியின் இங் போக் டூ 7,533. வித்தியாசம் 2,376. முன்னதைவிட மும்மடங்குக்கு மேல்! அதே தேர்தலில் பொத்தோங் பாசிரில் சியாம் சீ தோங் வென்றதால் எதிர்க்கட்சி உறுப்பினர் இருவரானார்கள். நாடு முழுவதும் ஆளுங்கட்சிக்கு விழுந்த வாக்குகள், போட்டி நடந்த இடங்களில், 1980இல் நூற்றுக்கு 77.7ஆக இருந்தது 64.8ஆக இறங்கியது.

இவ்வளவு பெரும்பான்மையோடு வென்றவர் அந்த இடத்தில் நீடித்தாரா என்றால், இல்லை. கட்சிக் கணக்குகள் தொடர்பான வழக்கில் 1986இல் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் பெற்றவர் ஐந்தாண்டுகளுக்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்பது அக்காலச் சட்டம். பதவி போயிற்று. 1988இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அவருடைய வழக்கறிஞர் தகுதியைத் திரும்பக் கொடுத்ததோடு, அவருக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டதாகவும் கருத்துரைத்தது. ஆனாலும் அசல் தண்டனை நீக்கப்படவில்லை. 1988 தேர்தலிலும் 1991 தேர்தலிலும் அவர் நிற்க முடியவில்லை. ஆன்சனில் இடைத்தேர்தலும் நடக்கவில்லை. 1988 பொதுத்தேர்தலுக்கு எல்லைகளைத் திருத்தியபோது தொகுதியே மறைந்து, அக்கம்பக்கத்துத் தொகுதிகளில் கரைந்துபோனது. 9,909 பேர் வாக்களித்த தொகுதியின் பெயர் இப்போது ஒரு சாலையின் பலகையில் மட்டும் இருக்கிறது என்று முதலில் சொன்னோமே, அது இப்படித்தான்.

அதே 1988இல் குழுத்தொகுதி முறை வந்தது. தனித்தனி வேட்பாளருக்கு வாக்களிக்காமல் ஒரு குழுவுக்கு வாக்களிக்க வேண்டும். குழுவில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். வென்றால் குழு முழுவதும் உள்ளே, தோற்றால் முழுவதும் வெளியே. 1997 சனவரி 2ஆம் நாள் செங் சான் குழுத்தொகுதியில் ஐவர் குழுவில் ஒருவராக ஜெயரத்தினம் நின்றார். அவருக்கு வயது எழுபத்தொன்று நிறைய இன்னும் மூன்றே நாள்கள். அவருடைய குழுவுக்கு 44,132 வாக்குகள், ஆளுங்கட்சிக்கு 53,553. வித்தியாசம் 9,421. ஆன்சனில் 7,012 வாக்கில் உறுப்பினரானவர், இங்கே 44,132 வாங்கியும் தோற்றார். ஆகவே வாக்கின் தொகையை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு பேசுவதில் பொருளில்லை. எந்த அளவுத் தொகுதி, எத்தனை பேர் போட்டி, மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொத்தத்தில் இது நூற்றுக்கு 45க்குச் சற்று மேல். தோற்றவர்களில் அதிக விழுக்காடு வாங்கியவர்களுக்குத் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் என்ற இடம் அளிக்கும் விதி 1984இலேயே வந்திருந்தது. அதன்படி அவர் மறுபடியும் அவைக்குள் வந்தார். 2001இல் மானநட்ட வழக்குத் தொகைகளைக் கட்ட முடியாமல் நொடித்துப்போனதால் அந்த இடமும் போயிற்று. தாம் எழுதிய புத்தகங்களைத் தாமே தெருவோரம் நின்று விற்றார். 2008இல் சீர்திருத்தக் கட்சி என்ற புதுக்கட்சியைத் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் எண்பத்திரண்டாம் வயதில் காலமானார்.

பேருந்தில் இதையெல்லாம் பேசிக்கொண்டு வருகையில் ஓர் அம்மா கேட்டார். "சார், அந்த ஊருல யாருக்கு ஓட்டுப் போட்டோம்னு தெரிஞ்சு போயிடாதா? சீட்டுல நம்பர் இருக்காமே." நல்ல கேள்வி, நம் லயங்களிலும் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி. சிங்கப்பூர் வாக்குச்சீட்டில் வரிசை எண் இருப்பது உண்மைதான். கள்ளச்சீட்டு நுழையாமல் இருக்க அது. எண்ணி முடித்த சீட்டுகளைப் பெட்டியில் வைத்து முத்திரையிட்டு ஆறு மாதம் பூட்டி வைத்து, பிறகு எரித்துவிடுகிறார்கள். அதிகாரியோ கங்காணியோ எட்டிப் பார்க்க வழியில்லை. பயந்து பயந்து வாக்களித்தவர்களும் அந்த 7,012இல் இருந்திருக்கத்தான் வேண்டும்.

சிங்கப்பூரில் வாக்களிப்பது 1959 முதல் கட்டாயம். காரணமின்றிப் போகாதவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நம் நாட்டில் கட்டாயமில்லை. ஆனால் 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் தாமாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார்கள். முன்போல் அஞ்சலகத்தில் வரிசை பிடித்துப் பாரம் நிரப்ப வேண்டியதில்லை. இது பெரிய வசதி. ஆனால் இதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

தோட்டத்தை விட்டு எத்தனையோ குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. அடையாள அட்டையில் இன்னமும் பழைய தோட்டத்து முகவரி. வாக்கு எங்கே இருக்கிறது? இடிந்துபோன லயத்துக்குப் பக்கத்துப் பள்ளியில்! தேர்தலன்று நூறு கிலோமீட்டர் பயணம் செய்து யார் வருவார்கள்? வேலைநாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இருக்கிற ஊரில் வாக்கு இல்லை, வாக்கு இருக்கிற ஊரில் ஆள் இல்லை. முதலில் அடையாள அட்டையில் முகவரியை மாற்ற வேண்டும். அதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. வாக்களிக்கும் தொகுதியை மாற்றக் கோரித் தேர்தல் ஆணையத்துக்குத் தனியாக விண்ணப்பம் செய்ய வேண்டும். கைப்பேசியிலேயே செய்யலாம், பிள்ளைகளுக்குத் தெரியும். நாங்களே ஒரு முறை இந்த இரண்டாம் வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, முன்பு பணியாற்றிய தோட்டத்துக்கு விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்துகொண்டு போய் வாக்களித்துவிட்டு வந்தோம். ஊருக்குச் சொல்கிற வாத்தியாரின் நிலை அது!

திரும்பும் வழியில் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து, பேருந்து ஒரு மணி நேரம் நகரவில்லை. பொழுதைப் போக்கத் தாத்தா கணக்குப் போட ஆரம்பித்தார். மேட்டு லயத்தில் இருக்கிற வாக்காளர் எத்தனை, பள்ளத்து லயத்தில் எத்தனை, ஸ்டோர் பக்கத்து வீடுகளில் எத்தனை, வெளியூர் போய் இன்னும் இங்கேயே பெயர் வைத்திருப்பவர்கள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணினார். பிள்ளைகள் தாளில் குறித்தார்கள். இருப்பவர்கள் 188. போய்விட்டு முகவரியை மாற்றாதவர்கள் 146. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டையும் கூட்டி 334 என்றாள். தாத்தா, "ஆன்சனுக்கு எத்தனைன்னீங்க?" என்று எங்களைப் பார்த்தார். நாங்கள் வாய் திறக்கும் முன் அவளே, "327, தாத்தா" என்றாள்.

அந்த 146 பேரின் முகவரி வேலையை எங்கள் பள்ளியில் சனிக்கிழமை மாலைகளில் செய்து வருகிறோம். அடையாள அட்டையும் கைப்பேசியும் கொண்டு வந்தால் போதும். அவரவர் தோட்டத்துப் பள்ளியில் அவரவர் ஆசிரியரைக் கேளுங்கள், செய்து கொடுப்பார்கள்.